வேலையில்லாத் திண்டாட்டம்: கணக்கில் வராத நம் பிள்ளைகள்!

நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் இந்த நாட்டில் வேலையில்லையாம்! நாம் சொல்லவில்லை, மத்திய அரசு சொல்கிறது. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஓராண்டுக்குப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்ட தொழிலாளர் ஆய்வறிக்கை இது. 15 வயதைக் கடந்தவர்களில் வேலை செய்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து எண்ணினால், வேலை கிடைக்காதவர்கள் 3.2 சதவிகிதம் மட்டுமே. 2017-18-இல் இது 6 சதவிகிதமாக இருந்தது. ஆறே ஆண்டில் பாதியாகக் குறைத்து விட்டோம் என்று ஆட்சியாளர்கள் மார்தட்டிக் கொள்கிறார்கள்.

அப்படியென்றால், அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் சுவரில் சாய்ந்தபடி செல்போனைத் தடவிக் கொண்டிருக்கிறார்களே பட்டம் வாங்கிய நம் பிள்ளைகள், அவர்கள் யார்? ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, 'இந்த மாசம் விசா வந்துரும்' என்று எட்டு மாதமாகச் சொல்லிக் கொண்டிருக்கும் தம்பிமார்கள் யார்? உத்தரப் பிரதேசத்தில் 60,244 காவலர் பணியிடங்களுக்கு 2024-இல் 48 இலட்சம் பேர் தேர்வுக்கு மனுப் போட்டார்களே, பொழுது போகாமலா போட்டார்கள்? ரயில்வேயில் சுமார் 35,000 இடங்களுக்கு ஒரு கோடிக்கும் மேல் மனுக்கள் குவிந்து, தேர்வு முறையில் குளறுபடி என்று 2022 ஜனவரியில் பீகார் இளைஞர்கள் தண்டவாளத்தில் இறங்கினார்களே, அவர்களை எந்த மூன்று சதவிகிதத்தில் அடைப்பது? அவ்வளவு தூரம் போவானேன்! நம் தமிழ்நாட்டில் 2022-இல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 இலட்சத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கு ஆகாயத்திலிருந்து எழுதிய பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. வீடு வீடாகப் போய்த்தான் கேட்கிறார்கள். ஆனால் அளக்கிற மரக்காலிலேயே சூது இருக்கிறது. அந்தச் சூதுக்கு நம் சமுதாயமே துணை போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

அளவையில் மோசடி

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்பவர்களுக்குக் கேடு என்று எச்சரிப்பதற்காகவே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம், 'அல்முதஃப்பிஃபீன்', இறங்கியிருப்பதை வியாபாரிகளாகிய நீங்கள் அறிவீர்கள். அந்த எச்சரிக்கை அரிசிக் கடைக்காரருக்கு மட்டும்தானா? மனிதர்களை நிறுக்கும் அரசாங்கத்துக்குக் கிடையாதா?

இவர்கள் எப்படி நிறுக்கிறார்கள் என்று பாருங்கள். 365 நாளில் பெரும்பகுதி வேலையில்லாமல் அலைந்த ஒருவன், இடையில் 30 நாள் எங்கேயாவது வேலை பார்த்திருந்தால் அவன் 'வேலையில் இருப்பவன்'. ரமலான் மாதம் மட்டும் ஜவுளிக் கடையில் துணி எடுத்துப் போட்ட பையன் அந்த வருடம் முழுமைக்கும் வேலையுள்ளவன்! வாரக் கணக்கு என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள். அது இதைவிட வேடிக்கை. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். ஒரு மணி நேரம்! இந்த வாரக் கணக்கை 2025 முதல் மாதந்தோறும் வெளியிடத் தொடங்கினார்கள். முதல் வெளியீட்டில், 2025 ஏப்ரல் மாதத்துக்கு வந்த அளவு 5.1 சதவிகிதம். மரக்காலை மாற்றியவுடன் அளவும் மாறுகிறதா இல்லையா? மேடையில் பேசும்போது மட்டும் எப்போதும் சின்ன எண்தான் வாயில் வரும்.

எண் கசந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் நாடு பார்த்திருக்கிறது. 2017-18 ஆய்வில் வேலையின்மை 45 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது தெரிந்ததும், தேர்தல் நெருங்குகிறது என்று அறிக்கையை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். அதைக் கண்டித்துத் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் உட்பட இருவர் 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தார்கள். பத்திரிகையில் கசிந்த பிறகும் அரசு அசையவில்லை. தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அதே எண்ணை வெளியிட்டார்கள்!

சரி, அந்த 6 எப்படி 3.2 ஆனது? ஆலைகள் பெருகி, அலுவலகங்கள் பெருகி, மாதச் சம்பளம் பெருகியதாலா? அதே அறிக்கையைப் புரட்டுங்கள். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 2017-18-இல் 22.8 சதவிகிதம், 2023-24-இல் 21.7. குறைந்திருக்கிறது! 'சுயதொழில்' செய்கிறவர்களின் பங்கோ 52.2-இலிருந்து 58.4 ஆக ஏறியிருக்கிறது. அந்தச் சுயதொழிலுக்குள்ளே ஒரு பிரிவு உண்டு: குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுகிறவர்கள். அவர்களின் பங்கு 13.6-இலிருந்து 19.4 ஆகியிருக்கிறது. உழைக்கிற ஐந்து பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு ஒரு பைசா சம்பளம் கிடையாது. ஆனால் அவர் வேலையுள்ளவர்! விவசாயத்தை விட்டு ஆலைக்குப் போக வேண்டிய நாட்டில், விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19-இல் இருந்த 42.5-இலிருந்து 46.1 ஆகத் திரும்பவும் ஏறியிருக்கிறது. கொரோனா காலத்தில் நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்களில் பலர் ஊரில் தங்கிவிட்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்?

சுயதொழில் செய்கிறவன் சுகமாக இருக்கிறானா என்றால் அதுவும் இல்லை. 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையில் மத்திய நிதி அமைச்சகமே சொல்கிறது: விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், சுயதொழில் செய்யும் ஆணின் மாத வருமானம் 2017-18-இல் 9,454 ரூபாய், 2023-24-இல் 8,591 ரூபாய். தொழில் பெருகியதாம், வரும்படி குறைந்ததாம்! இந்தக் கணக்கை நம் மளிகைக் கடை பாயிடம் காட்டினால் சிரித்து விடுவார். ஒரே சந்தையில் கடைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகி வாங்குகிறவன் கையில் காசு இல்லையென்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கேரளாவும் மத்தியப் பிரதேசமும்

மாநிலக் கணக்குக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2023-24-இல் கேரளாவின் வேலையின்மை 7.2 சதவிகிதம், 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களை மட்டும் எடுத்தால் 29.9! தமிழ்நாடு 3.5. குஜராத் 1.1. மத்தியப் பிரதேசம் வெறும் 1 சதவிகிதம். மேலோட்டமாகப் பார்ப்பவர், 'மத்தியப் பிரதேசத்தில் தேனும் பாலும் ஓடுகிறது, கேரளா திண்டாடுகிறது' என்பார். அப்படியானால் பிழைப்புத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் போபாலுக்கல்லவா ரயில் ஏற வேண்டும்? எர்ணாகுளத்துக்கும் திருப்பூருக்கும் ஏன் வருகிறார்கள்?

விஷயம் இதுதான். வேலையில்லாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்! படித்த பெண், 'என் படிப்புக்கேற்ற வேலை வரும்வரை காத்திருப்பேன், கிடைத்த கூலிக்குப் போக மாட்டேன்' என்று சொல்ல வேண்டுமானால், அதுவரை சோறு போட ஒரு வீடு வேண்டும். பரம ஏழை அப்படிக் காத்திருக்க முடியுமா? விடிந்தால் எதையாவது சுமந்தால்தான் அடுப்பு எரியும். ஆகவே அவன் எந்தக் கணக்கிலும் வேலையற்றவன் ஆவதே இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். 2022-இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையற்றோர் 3.4 சதவிகிதம்; பட்டதாரி இளைஞர்களிலோ 29.1 சதவிகிதம். இதைப் படித்துவிட்டு 'அதனால்தான் நான் பையனைப் படிக்க வைக்கவில்லை' என்று சொல்பவரும் நம்மில் இருக்கிறார். அவருக்குப் பதில் இதே வரியில்தான் இருக்கிறது. படிக்காதவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அவனுக்கு இல்லை என்று பொருள்.

இதை மனதில் வைத்துக் கொண்டு அடுத்த எண்ணைப் பாருங்கள். அதே 2023-24 அறிக்கை மதவாரியாகவும் பிரித்துத் தருகிறது. இந்துக்களில் வேலையின்மை 3.1 சதவிகிதம், முஸ்லிம்களில் 3.2 சதவிகிதம். கிறிஸ்தவர்களில் 4.7, சீக்கியர்களில் 5.8. 'பார்த்தீர்களா! உங்களுக்கும் மற்றவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை, பிறகு எதற்குத் தனி இடஒதுக்கீடு?' என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு இதைவிட வேறு ஆயுதம் வேண்டுமா?

ஆனால் சச்சார் குழு 2006-இல் என்ன கண்டது? மக்கள் தொகையில் 13.4 சதவிகிதம் இருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவிகிதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவிகிதம், ரயில்வேயில் 4.5 சதவிகிதம். உழைக்கும் முஸ்லிம்களில் 61 சதவிகிதம் பேர் சுயதொழிலில் இருந்தார்கள். இந்துக்களில் அது 55. சம்பள வேலைக் கதவு நமக்குச் சாத்தியிருந்ததால் சைக்கிள் கடை, பழக்கடை, கறிக்கடை, தையல் மெஷின், பீடித் தட்டு என்று ஒதுங்கினோம். ஒதுங்கியவனைக் கணக்கெடுப்பவர், 'வேலையில் இருக்கிறார்' என்று எழுதிக் கொண்டு போகிறார். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டு நடையில் உட்கார்ந்து நம் சகோதரிகள் பீடி சுற்றுகிறார்கள். பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறார்கள். முதுகு கூனும் அந்த உழைப்பை, வந்து கேட்பவரிடம் 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்று சொல்கிற ஆண்களும் உண்டு. உழைப்பவள் கணக்கில் சும்மா இருக்கிறாள், சும்மா இருக்கும் மகன் கணக்கில் உழைக்கிறான்!

'கடையில் இருக்கிறான்'

இந்த இடத்தில்தான் நம் வியாபாரப் பெருமக்களிடம் சில வார்த்தைகள் பேச வேண்டியிருக்கிறது. கசந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

எந்த ஊருக்குப் போனாலும் இந்த உரையாடல் மாறுவதில்லை.

"மகன் என்ன செய்கிறார், பாய்?"

"பி.காம். முடிச்சிட்டான் ஹஜ்ரத், கடையில இருக்கான்."

"சம்பளம் என்ன கொடுக்கிறீர்கள்?"

"பெத்த மகனுக்குச் சம்பளமா? நல்லாக் கேட்டீங்க!"

கடையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே வாப்பா, பெரிய மகன், சின்ன மகன், மச்சான் மகன் ஒருவன். ஒருவர் நின்றாலே போதுமான வியாபாரம். மற்ற மூவரும் நாற்காலியைத் தேய்க்கிறார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'மறைமுக வேலையின்மை' என்று இதற்குப் பெயர். விவசாய நிலத்துக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். நம் கடைவீதிக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் பாட்டனார் காலத்தில் அந்தக் கடை ஒரு குடும்பத்தைத் தாங்கியது. 2016 நவம்பரில் பண மதிப்பிழப்பு அடித்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பிறகு கொரோனா. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் பொட்டலம் கொண்டு வரும் ஆன்லைன் வியாபாரம். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலின் மீது 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவிகித வரியும் வந்து விழுந்தது. இத்தனை அடிக்குப் பிறகும் அதே கடை மூன்று மகன்களின் மூன்று குடும்பங்களைத் தாங்கும் என்று எந்தத் தைரியத்தில் இருக்கிறீர்கள்?

'நாம் வியாபாரச் சமுதாயம், அடுத்தவனிடம் கைகட்டி நிற்க மாட்டோம்' என்ற வீரவசனத்துக்கு மட்டும் குறைவில்லை. நபி (ஸல்) அவர்கள் வியாபாரம் செய்தார்கள், உண்மை. ஆனால் யூசுப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியங்களைக் காக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கியதைத் திருக்குர்ஆன் சொல்கிறதே, அது அரசுப் பணி இல்லையா? பஞ்சம் வரப் போகும் நாட்டில் தானியக் கணக்கை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! தாலுகா அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக நாம் நான்கு நாள் நடக்கிறோம். அந்த நாற்காலியில் நம் பிள்ளை ஏன் இல்லை என்று ஒரு நாளாவது கேட்டோமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சமுதாயப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறோம் என்று சொல்லும் சில பெரிய கடை முதலாளிகள், பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, சாப்பாடு போட்டு, கைச்செலவுக்கு ஏதோ கொடுத்து அனுப்புகிறார்கள். சம்பளப் பதிவேடு இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே கொண்டு வர வேண்டியதாயிற்று என்றால் நிலைமையை ஊகித்துக் கொள்ளுங்கள். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக் கொள்ளச் சொல்லும் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். கடன் நோட்டில் கால் ரூபாயைக்கூட விடாமல் எழுதுகிறவர்கள், கடைப் பையனின் பெயரை மட்டும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லையே, ஏன்? எழுதாத காரணத்தால் அவன் ஆறு வருடம் வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடச் சாட்சி இல்லை.

அரபு நாட்டுக் கதவு

'இங்கே இல்லாவிட்டால் சஃபர் இருக்கிறது' என்ற நினைப்பு ஐம்பது ஆண்டுகளாக நம் ஊர்களை வாழ வைத்தது. மறுக்கவில்லை. நம் தெருக்களின் மாடி வீடுகளும் பள்ளிவாசல் மினாராக்களும் அந்தப் பணத்தில் எழுந்தவைதான். ஆனால் கதவு முன்போல் அகலத் திறந்திருக்கவில்லை. சவூதியில் 2011-இல் நிதாக்கத் வந்தது. 2016 செப்டம்பரோடு செல்போன் கடைகளில் வெளிநாட்டவர் வேலை பார்க்கவே கூடாது என்றார்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கடைகளை விட்டு ஊர் திரும்பினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 2017 ஜூலையில் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கி வருடா வருடம் ஏற்றினார்கள். அமீரகத்திலும் 50 பேருக்கு மேல் உள்ள தனியார் நிறுவனங்கள் திறன் சார்ந்த வேலைகளில் தம் நாட்டவரை ஆண்டுக்கு 2 சதவிகிதம் கூட்டி, 2026 முடிவில் 10 சதவிகிதம் ஆக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அவர்கள் நாட்டு இளைஞனுக்கு வேலை வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதில் தவறு காண நமக்கு உரிமையில்லை. நம் நாட்டு இளைஞனுக்கு வேலை வேண்டும் என்று நம் அரசு நினைக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றரை சதவிகிதம்: யாருக்குப் போகிறது?

தமிழ்நாட்டில் பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2007-இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவிகிதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகிதம் உள்ஒதுக்கீடு கிடைத்தது. சிறை சென்றவர்கள், தடியடி பட்டவர்கள், ஊர் ஊராக நடந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது அது. 200 பணியிடங்களில் 7 இடம். முதலில் சொன்ன குரூப் 4-இன் 7,301 இடங்களுக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 255 இடங்கள்! கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர். கல்வித் தகுதி பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். ஒரு தேர்வில் 255 குடும்பங்கள்!

2021 டிசம்பர் முதல் அரசுத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், அதில் 40 சதவிகிதம் எடுத்தால்தான் மற்ற தாளைத் திருத்துவார்கள். உருது வழியில் படிக்கும் வட மாவட்டப் பிள்ளைகளுக்கு இது பெரிய சுவர். அதைத் தாண்ட அங்குள்ள ஜமாஅத்துகள் தனி வகுப்பு நடத்தியே ஆக வேண்டும். ஆனால் வீட்டில் தமிழ் பேசி, தமிழில் பயான் கேட்டு வளர்ந்த ராவுத்தர், மரைக்காயர், லெப்பை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுவரா, ஏணியா? ஏணியைப் போட்டுக் கொடுத்த பிறகும் 'கடையில் இருக்கிறான்' என்றால், தகுதியானவர் வராத இடம் நமக்காகக் காத்திருக்குமா?

மக்கள் தொகையில் 2011 கணக்குப்படி நாம் 5.86 சதவிகிதம். ஆகவே 3.5-ஐ உயர்த்த வேண்டும் என்று கோருகிறோம், கோருவோம். ஆனால் கோரிக்கை மேடையில் ஜெயிப்பது வேறு, நீதிமன்றத்தில் நிற்பது வேறு. வன்னியர்களுக்கு 2021-இல் சட்டமியற்றிக் கொடுத்த 10.5 சதவிகித உள்ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31 அன்று ரத்து செய்தது. முக்கியமான காரணம்? 1983-ஆம் வருடத்துப் பழைய கணக்கை வைத்துக் கொண்டு சட்டம் போட்டீர்கள், இன்றைய நிலைக்கு ஆதாரம் எங்கே என்பதுதான். மேற்கு வங்கத்தில் 2010-க்குப் பிறகு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்த 77 பிரிவுகளை, அவற்றில் பெரும்பாலானவை முஸ்லிம் பிரிவுகள், கல்கத்தா உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் நீக்கியது. அங்கும் கேள்வி அதேதான்: முறையான கணக்கெடுப்பு எங்கே? கர்நாடகத்திலோ 2023 மார்ச்சில், தேர்தலுக்கு முன்னால், நம்முடைய 4 சதவிகிதத்தையே அப்போதைய அரசு பிடுங்கியது. உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, அதை இப்போதைக்கு நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று அந்த அரசே அங்கு வாக்குறுதி கொடுக்க நேர்ந்தது.

இப்போது புரிகிறதா, அந்த 3.2 ஏன் விஷம் என்று? நாளை ஒரு நீதிபதி, 'முஸ்லிம்களின் வேலையின்மை மற்றவர்களின் அளவுதானே?' என்று கேட்டால், நம் வழக்கறிஞர் எதை எடுத்துக் காட்டுவார்? நம் தெருவில் எத்தனை பட்டதாரிகள் சம்பளமில்லாமல் கடையில் நிற்கிறார்கள் என்ற கணக்கு எந்த ஜமாஅத்திடம் இருக்கிறது? சந்தா பாக்கி வைத்தவர்கள் பட்டியல் இருக்கிறது, நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது, கப்ருஸ்தான் கணக்கு இருக்கிறது. வேலையில்லாத பிள்ளையின் பெயர் மட்டும் எங்கும் இல்லை!

அரசுக்கும் ஜமாஅத்துக்கும்

தமிழக அரசிடம் நாம் கேட்பது ஒரு வெள்ளை அறிக்கை. 2007 செப்டம்பர் முதல் இன்றுவரை துறைவாரியாக, தேர்வுவாரியாக, 3.5 சதவிகிதத்தில் எத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை முஸ்லிம்கள் நியமனம் பெற்றனர், எத்தனை இடங்கள் நம்மைத் தாண்டிப் போயின? கூடவே பொதுப் போட்டியில் வென்ற முஸ்லிம் பிள்ளையை உள்ஒதுக்கீட்டுக் கணக்கில் தள்ளிய சம்பவம் உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். கொடுத்ததைச் சொல்லிக் காட்டும் கட்சிகள், கொடுத்தது வந்து சேர்ந்ததா என்பதைச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்? பட்டம் படித்துப் பதிவு செய்துவிட்டு ஐந்து வருடம் காத்திருப்பவனுக்கு மாதம் 600 ரூபாய், பத்தாம் வகுப்பு முடித்தவனுக்கு 300 ரூபாய் உதவித்தொகை என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்களே, அதை வாங்கிக் கொண்டு இரண்டு முறை பிரியாணி சாப்பிடலாம், வேறென்ன செய்யலாம்?

மத்திய அரசு, சாதியையும் சேர்த்துக் கேட்கும் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக 2025-இல் அறிவித்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2011 கணக்கெடுப்பில் இருந்த முறைப்படி, வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை செய்தவரிடமும், வேலையே செய்யாதவரிடமும்தான் 'வேலை தேடுகிறீர்களா?' என்ற கேள்வியைக் கேட்டார்கள். ரமலானிலும் ஹஜ் பெருநாளிலும் மட்டும் கல்லாவில் உட்கார்ந்த மகனை, கௌரவத்துக்காக 'வருஷம் பூரா கடையில இருக்கான்' என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்தக் கேள்வியே அவனிடம் வராது! அவன் வேலை தேடுகிறவன் என்று எழுத அந்தத் தாளில் இடமே இருக்காது. அதே வேளையில் பீடி சுற்றும் மகளை 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்லாதீர்கள். எத்தனை மாதம் சுற்றினாள், அதைச் சொல்லுங்கள். சாதி கேட்டால் 'முஸ்லிம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், உங்கள் சான்றிதழில் உள்ளபடி லெப்பை, தக்னி, சையத், ஷேக், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா என்று எது உங்களுடையதோ அதைச் சொல்லுங்கள். ராவுத்தரும் மரைக்காயரும் அரசுப் பட்டியலில் லெப்பைக்குள் வருகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதற்கு முன்பே ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு நோட்டுப் போட வேண்டும். 18 முதல் 35 வயது வரையுள்ள எல்லோரும், ஆண் பெண் இருபாலரும். பெயர், படிப்பு, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு புதுப்பித்திருக்கிறதா, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை மாதம் வேலை, கையில் வந்த பணம் எவ்வளவு, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு இருபது பெயர் என்றாலும் நடுத்தர ஊருக்கு ஐம்பது பக்கம் போதும். முத்தவல்லிமார்களிடம் நோட்டுக்குக் காசு கேட்க வேண்டாம். அந்தந்த ஊர் வியாபாரிகள் சங்கமே வாங்கித் தரட்டும். கடையில் இருப்பவனின் பெயருக்கு எதிரே, சம்பளம் என்ற கட்டத்தில், அவனுடைய வாப்பாவே தன் கையால் எண்ணை எழுதட்டும். பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்று எழுதட்டும். நோட்டை நிரப்பி முடித்த கிளைகள் அதன் நகலை மாவட்டச் செயலாளரிடம் சேர்த்து விடுங்கள். வெள்ளை அறிக்கை கேட்டுச் சென்னைக்குப் போகும்போது இன்ஷா அல்லாஹ் அந்த நோட்டுகளைத்தான் கையில் எடுத்துப் போகப் போகிறோம்.